கோவிந்தாபுரம் கடைவீதியின் அபிப்பிராய நோட்டு

நாலு பேர் கருத்துச் சொல்லும் இடத்துக்குக் காவல் இருப்பது ஒரு தனித் தொழில். என்னை அந்த வேலைக்கு எடுத்தவர்கள் மட்டும் அதற்கு 'நூலகர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கைபேசியில் குழு ஆரம்பித்து, காலை வணக்கத்தில் தொடங்கும் பேச்சு பத்து மணிக்குள் ஒருவர் குடும்பத்தை இன்னொருவர் இழுப்பதில் போய் முடிவதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் சக அவஸ்தைக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு இப்போது அட்மின் என்று பெயர். எழுபதுகளில் அதே பாட்டை நான் பட்டபோது என்னை அம்மிணி என்று கூப்பிட்டார்கள். பெயர்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. வேலை அதேதான்.

என் பெயர் ருக்மணி. கோவிந்தாபுரம், கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். கடைவீதியில் ஒற்றை அறையும் முன்னால் ஒரு வராந்தாவுமாக எங்கள் வாசகசாலை. தமிழ்ப் பேப்பர் பொள்ளாச்சி பஸ்ஸில் வரும், மலையாளப் பேப்பர் கொல்லங்கோட்டு பஸ்ஸில் வரும். பக்கத்தில் மாரப்பனின் சைக்கிள் கடை, எதிரில் பழனிச்சாமியின் டீக்கடை, மூலையில் பொதுக்குழாய். ஒரு மனுஷி பைத்தியமாவதற்கு வேண்டிய எல்லா வசதியும் முப்பது அடிக்குள் இருந்தது.

ஓரத்தில் பெய்த மழை

முதலில் நோட்டு கிடையாது. பேப்பரின் ஓரத்தில்தான் எழுதினார்கள். ஒருநாள் தமிழ்ப் பேப்பரில், இந்த வாரம் நல்ல மழை பெய்யும் என்று செய்தி. எட்டு மணிக்கு யாரோ அதன் பக்கத்தில் பென்சிலால் 'பெய்யாது' என்று எழுதியிருந்தார். எட்டரைக்கு அதன் கீழே, 'உனக்கு எப்படித் தெரியும்?' ஒன்பது மணிக்கு, 'என் முழங்கால் வலிக்கவில்லை. மழை வருமென்றால் வலிக்கும்.' ஒன்பதேகாலுக்கு, 'முழங்காலில் மூளை உள்ளவர்கள் அபிப்பிராயம் சொல்ல வேண்டாம்.' பத்து மணிக்கு ஓரம் தீர்ந்துபோய், சண்டை பக்கத்துப் பத்தியில் சோப்பு விளம்பரத்துப் பெண்ணின் நெற்றி மேல் ஏறிவிட்டது. பதினொரு மணிக்கு நான் பார்த்தபோது அதில் மழை என்ற வார்த்தையே இல்லை. யாருடைய கிணற்றில் யாருடைய ஆடு விழுந்தது, அப்போது யாருடைய தாத்தா என்ன சொன்னார் என்பதில் வந்து நின்றிருந்தது.

அழிரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது ஆறுச்சாமி அண்ணன் உள்ளே வந்தார். கடலைக்காடும் கொஞ்சம் தென்னையும் வைத்திருந்த விவசாயி, தினமும் பேப்பர் படிக்கத் தவறாமல் வருகிறவர். இப்படி ஒரு வாசகர் கிடைக்க வாசகசாலை புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள். என் கையிலிருந்த ரப்பரைப் பார்த்ததும் அவர் பதறிப்போனார்.

"ஏனுங்கம்மிணி, அழிச்சுப்போடாதீங்க! செய்தியெல்லாம் நேத்தே ரேடியோல கேட்டுட்டனுங்க. ஓரத்துல என்ன பதில் போட்டிருக்கறாங்கன்னு பாக்கத்தான் ரெண்டு மைல் நடந்து வர்றனுங்க."

மான்யம்

எங்கள் செக்ரட்டரி குட்டிகிருஷ்ணன் மாஷ் ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார். தமிழ் பேசுவார், எழுதவும் செய்வார். இரண்டிலும் மலையாளம் துணைக்கு வரும். பேப்பரைக் காப்பாற்ற அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நீளமான நோட்டு ஒன்றை வாங்கி, வராந்தாத் தூணில் சணல் கயிறால் கட்டி, பென்சிலையும் கூடவே தொங்கவிட்டார். முதல் பக்கத்தில் தன் கையாலேயே பெரிதாக எழுதினார்: 'அபிப்பிராயங்களை மான்யமாக எழுதுக.' மலையாளத்தில் மான்யமாக என்றால் மரியாதையாக. தமிழில் மான்யம் என்றால் அரசாங்கம் உரத்துக்கும் பம்புசெட்டுக்கும் கொடுப்பது.

சாயங்காலத்துக்குள் ஏழு பக்கம் நிரம்பிவிட்டது. மாஷ் பூரித்துப்போய் என்னைப் படிக்கச் சொன்னார். 'ஐயா, எனக்கு மூன்று ஏக்கர் உண்டு. கடலை விதைக்கு மான்யம் வேண்டும்.' 'ஐயா, என் எருமை சினையாக இருக்கிறது. பருத்திக்கொட்டைக்கு மான்யம் வேண்டும்.' அதன் கீழே இன்னொரு கையெழுத்தில், 'மேற்படி எருமை என்னுடையது. அதன் பேரில் இவர் மான்யம் கேட்பது செல்லாது.' ஒருவர் தன் ரேஷன் கார்டையே நோட்டுக்குள் செருகிவிட்டுப் போயிருந்தார். மாஷ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் ஆறுச்சாமி அண்ணனிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தத்தை விளக்கினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்தார்.

"மரியாதையா எழுதோணும்னா அதுக்கும் ஏதாச்சும் மான்யம் குடுத்தாத்தானுங்க ஆவும்."

நாலு வாடிக்கையாளர்கள்

அடித்துத் திருத்தி 'மரியாதையாக' என்று எழுதிய பிறகு நோட்டில் நிஜமான அபிப்பிராயங்கள் வர ஆரம்பித்தன. சொந்தப் பெயரில் ஒருவரும் எழுதவில்லை. 'உண்மை விளம்பி', 'நடுநிலைவாதி', 'மனம் நொந்தவன்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். புத்தகம் வாங்கும் ரிஜிஸ்தரில் எல்லார் கையெழுத்தும் என்னிடம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றவேயில்லை. உண்மை விளம்பி, சைக்கிள் கடை மாரப்பன். அவர் எழுதினார்: 'நம் வீதியில் ஒரு கடையில் டீயில் பால் ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்தால் கறந்த மாடே வெட்கத்தில் தலையைக் குனியும்.' வீதியில் இருந்தது ஒரே ஒரு டீக்கடை. அதன் சொந்தக்காரர் பழனிச்சாமி, மாரப்பனின் சொந்த மச்சான், அதாவது பெண்டாட்டியின் அண்ணன்.

அன்று மதியத்துக்குள் நாலு பதில்கள் வந்துவிட்டன. 'ஒரு வாடிக்கையாளர்' அந்தக் கடை டீ நல்ல ஸ்ட்டாராங்கு என்றார். 'மற்றொரு வாடிக்கையாளர்' இவ்வளவு ஸ்ட்டாராங்கான டீயைப் பொள்ளாச்சியில்கூடக் குடித்ததில்லை என்றார். 'வெளியூர்க்காரர்' ஸ்ட்டாராங்குக்காகவே பஸ் ஏறி வருவதாகச் சொன்னார். 'ஒரு டாக்டர்' அந்த ஸ்ட்டாராங்கு உடம்புக்கு நல்லது என்றார். நாலு பதிலிலும் ஸ்ட்ராங் என்பதற்கு அதே எழுத்துப்பிழை, நாலுக்குப் பக்கத்திலும் டீ கிளாஸ் வைத்த வட்டக்கறை. நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய், இந்த நாலு பேரையும் உங்களுக்குத் தெரியுமா அண்ணா என்று கேட்டேன். பழனிச்சாமி அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு பேரும் நானேதானுங்கம்மிணி. அந்நேரத்துக்குக் கடையில வேற ஆளே இல்லீங்க."

தெய்வானை அக்கா சொல்லச் சொல்ல

'குழாயடிப் பெண்கள் போடும் சத்தத்தில் வாசகசாலையில் ஒரு வரி ஓடவில்லை' என்று மனம் நொந்தவன் எழுதியது எப்படியோ குழாயடிக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் குடத்தோடு தெய்வானை அக்கா வந்தார். பழனிச்சாமி அண்ணனின் தங்கை, மாரப்பனின் சம்சாரம். எழுதப் படிக்கத் தெரியாது. "நான் சொல்லச் சொல்ல நீ எழுது" என்றார். எழுதினேன். அதை எழுதியவன் வீட்டில் வாய் கொப்புளிக்கக்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போக வேண்டும், அவன் நாக்கு மரவட்டை மாதிரிச் சுருண்டுகொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம் போயிற்று. முடிந்ததும் திருப்பிப் படித்துக் காட்டினேன்.

அக்கா முகம் சுளித்தார். "அந்த மரவட்டையை எடுத்துப்போடு." எடுத்துவிட்டு மறுபடி படித்தேன். "அவன் ஊட்டுல பொண்டாட்டி இருப்பாளே, அவ என்ன பாவம் பண்ணுனா? அவளுக்கு மட்டும் தண்ணி வரட்டும்." ஒரே வீட்டில் அவளுக்கு மட்டும் எப்படி அக்கா தண்ணீர் வரும் என்று கேட்டேன். "அப்ப அதையும் எடுத்துப்போடு." இப்படி ஆறு தடவை படித்து ஆறு தடவை அடித்த பிறகு நின்றது இதுதான்: 'குழாயடியில் நாங்கள் மெதுவாகப் பேசிப் பார்க்கிறோம். பேப்பரை ஊருக்கே கேட்கிற மாதிரிப் படிக்கிறவர்களும் மெதுவாகப் படித்தால் எங்களுக்கு ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கும்.' குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொல்றப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நீ படிக்கறப்பத்தான் அசிங்கமா இருக்குது. உன்ற தொண்டையில என்னமோ கோளாறம்மிணி, வைத்தியருகிட்டக் காட்டு."

இரண்டு மாதிரி மாரப்பன்

என் தொண்டையில் இருந்த கோளாறுதான் எங்களுக்குச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்தது. மறுநாளே நோட்டையும் பென்சிலையும் தூணிலிருந்து அவிழ்த்து என் மேசைக்குக் கொண்டுவந்தேன். யார் எது எழுதினாலும் எழுதி முடித்தவுடன் என் முன்னால் நின்று சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று மாஷ் முதல் பக்கத்தில் எழுதினார். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழில் என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே எழுதினார். பாதிப் பேர் பென்சிலை எடுத்து, உதட்டை அசைத்துப் பார்த்து, "வேண்டாமுங்க" என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

மாரப்பன் அண்ணன் அப்படி விடுகிற ஆள் இல்லை. எழுதினார், நிமிர்ந்து நின்று படித்தார்: "அன்புள்ள பழனிச்சாமி மச்சானுக்கு, தங்கள் கடை பன் இன்னும் சற்று மிருதுவாக இருந்தால் நலம்." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் கிளம்பும்போது நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். 'டேய் பழனி, உன் கடை பன்னை அறுத்து என் கடை டயருக்கு ஒட்டுப் போடலாம்' என்று இருந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கே ஆச்சரியம்.

"எழுதறப்ப கை எழுதுதுங்க. படிக்கறப்ப நீங்க முன்னால ஒக்காந்திருக்கறீங்க. ரெண்டும் எப்படீங்க ஒண்ணா இருக்கும்?"

முள்

ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக இரண்டு நாள் பெருமாட்டிக்குப் போனேன். போகும்போது நோட்டைப் பூட்டி வைக்க மறந்துவிட்டேன். சக அவஸ்தைக்காரர்களே, இரண்டு நாள் கண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழனிச்சாமி அண்ணன், படித்துக் காட்ட ஆள் இல்லாத தைரியத்தில், சொந்தப் பெயரிலேயே எழுதிவிட்டார்: 'சைக்கிள் கடைக்கு முன்னால் ரோட்டில் கிடக்கும் முள் தானாக விழுந்தது அல்ல. கடையில் பஞ்சர் ஒட்ட ஆள் வர வேண்டுமே.'

பன்னைப் பற்றிப் பேசியது விளையாட்டு. இது பிழைப்பு. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே, "மாரப்பா, இது ரோட்டு முள்ளா, உன்ற முள்ளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாரப்பன் அண்ணன் மச்சான் முகத்தில் விழிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். டீ குடிக்க செக்போஸ்ட்வரை நடந்தார். பழனிச்சாமி அண்ணனோ தன் சைக்கிள் பஞ்சரானபோது அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். இரண்டு கடைக்கும் நடுவில் பன்னிரண்டு எட்டு வைக்கிற தூரம்தான். பேச வேண்டியதெல்லாம் நோட்டில் வந்தது. 'எதிர்க்கடைக்காரர் பால்கேன் என் வாசலில் இருக்கிறது. அகற்றவும்.' 'அது உங்கள் வாசல் அல்ல, அரசாங்க ரோடு.' இருவரும் தனித்தனியாக வந்து என்னிடம் படித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, தெய்வானை அக்கா குடமில்லாமல் வந்து உட்கார்ந்த நாள்வரை.

"வர்ற வெள்ளிக்கெழமை என்ற புள்ளைக்குக் காது குத்தறது. தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சுத்தான் குத்தோணும். இவரு கூப்புட மாட்டேங்கறாரு. கூப்புடாம எங்கண்ணன் வரமாட்டேங்குது. சனமெல்லாம் வந்து மாமன் எங்கேன்னு கேட்டா நான் என்னம்மிணி சொல்லட்டும்?" அக்கா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. நோட்டைப் பூட்டாமல் போனது நான். மாஷ் எழுந்து, "நோட்டைக் கத்திச்சுக் களையலாம் ருக்மணீ" என்றார், எரித்துவிடலாம் என்கிறார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எரிச்சா எழுதுனது இல்லீன்னு ஆயிருமா? அவங்க வாயால படிக்கட்டும்" என்றவர், வராந்தாவில் போய் நின்று கத்தினார். "அண்ணா! ஏனுங்க! ரெண்டு பேரும் இங்க வாங்க!"

குழாயடியில் பேச்சு நின்றது. பொள்ளாச்சி பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார். இருவரும் வந்து வராந்தாவின் இரண்டு மூலையில் நின்றார்கள். முதலில் மாரப்பன் அண்ணன், தான் எழுதியதையெல்லாம் வரிசையாகப் படித்தார். மாடு வெட்கப்பட்ட இடத்தில் வீதியே சிரித்தது. பழனிச்சாமி அண்ணன் மட்டும் மேலே கூரையைப் பார்த்தார். பிறகு நோட்டு அவர் கைக்குப் போயிற்று. 'முள்' என்ற வார்த்தைவரை கம்பீரமாக வந்த குரல் அங்கே நின்றுவிட்டது. மாரப்பன் அண்ணனின் கையைப் பார்த்தார். இருபது வருஷமாக டியூபைத் தேய்த்துக் கறுத்த கை. "கிண்டலுக்குத்தான் எழுதுனேன். படிச்சாத் திருட்டுப் பட்டம் கட்டுனாப்பல இருக்குது" என்று சொல்லி, பென்சிலை வாங்கி அந்த வரியை அடித்தார். அடித்த வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது. மாரப்பன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "வெள்ளிக்கெழமை ஒம்போது மணிக்கு" என்றார். பழனிச்சாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வர்றேன். ஆனா கோவமாத்தான் வருவேன், சொல்லிப்போட்டேன்."

கோபமாக வந்த மாமன்

சொன்ன சொல் தவறாமல் கோபமாகத்தான் வந்தார். புது வேட்டி, தட்டில் சீர், யாரையும் பார்க்காத முகம். நாலு வயசுப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்தார். குழந்தை கையில் கொடுத்த வெல்லக்கட்டியில் மும்முரமாக இருந்தது. ஆசாரி கம்பியைக் காதருகே கொண்டுபோனார். "ஐயோ!" என்று ஒரு அலறல். அலறியது பழனிச்சாமி அண்ணன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னமெல்லாம் தண்ணீர். மாரப்பன் அண்ணன் ஓடிவந்து, "அழுவாதீங்க மச்சான், முடிஞ்சுதுங்க மச்சான்" என்று தன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். குழந்தை வெல்லத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு மாமனை ஏறிட்டுப் பார்த்தது.

"மாமாவுக்கும் குத்திட்டாங்களா?"

நலம் விரும்பி

அதற்குப் பிறகு நோட்டு பசுவாகிவிட்டது. நானும் நிம்மதியாக இருந்தேன், ஒரு திங்கட்கிழமை காலை இதைப் பார்க்கும்வரை: 'நூலகர் அம்மணி, புத்தகம் தரத் தாமதமானால் போலீஸ்காரரைப் போல் பார்க்கிறார். அதற்குப் பயந்தே வாசகர்கள் திருப்பித் தர வருவதில்லை. இப்படிக்கு, நலம் விரும்பி.' தமிழ் எழுத்துகள் எல்லாம் மலையாள எழுத்து மாதிரி வட்டவட்டமாக உருண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைச் சாவி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். ரிஜிஸ்தரைப் பார்த்தேன். மாஷ் ஒரு தடித்த நாவலை எடுத்துப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. 'பொதுமக்களில் ஒருத்தி' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் பதில் எழுதினேன். சட்டம் எனக்கும் சட்டம்தானே, காலியாக இருந்த அறையில் எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். ஏழு மாதமாகப் பொதுப் புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஊருக்கு மரியாதை போதிக்கும் பெரிய மனிதர் என்கிற இடத்துக்கு வந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். மாஷ். அவ்வளவு நேரமும் அங்கேயே நின்று கேட்டிருக்கிறார். நோட்டைச் சட்டென்று மூடினேன். அவர் முகம் நியாயமான கோபத்தில் சிவந்திருந்தது.

"ஆராணு ருக்மணீ, ஏழு மாசமா புஸ்தகம் தராத அந்த மகாபாவி? ஆளு ஆரானாலும் சரி, பேரெழுதி போர்டில் ஒட்டணும்!"

எத்தனையோ நோட்டுகள் எழுதித் தீர்ந்த பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மனுஷர்கள் ரொம்ப நல்லவர்கள், பென்சிலையும் தனிமையையும் ஒரே நேரத்தில் அவர்கள் கையில் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.